அடிப்பக்கத்து முத்திரை

பித்தளைக்கு ஒரு நாற்றம் உண்டு. புதுப் பித்தளைக்கு இல்லை. ஐம்பது அறுபது வருஷம் ஈரக் கட்டடத்தில் கிடந்து பச்சை பூத்த பித்தளையைத் தேய்த்தால் விரலில் ஒட்டுமே, அது. எவனோ வாயில் அடக்கி வைத்திருந்து துப்பிய காசு மாதிரி. சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது. பதின்மூன்று வருஷமாக அந்தக் கையோடுதான் சாப்பிடுகிறேன்.

வேலை என் மச்சானின் கிடங்கில். மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். ராணுவம் வேண்டாமென்று கழிக்கிற சாமானை ஏலத்தில் மொத்தமாக எடுத்து, ஆசைப்படுகிறவர்களுக்குப் பிரித்து விற்பார். நசுங்கிய ஹெல்மெட், முள் உடைந்த திசைகாட்டி, பூச்சி அரித்த பாராசூட். இதையெல்லாம் பணம் கொடுத்து வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் இருக்கிறது என்பதை நான் நம்பவே ரொம்ப நாள் ஆயிற்று. கழுவுவது, தேய்ப்பது, பிரிப்பது, கட்டுவது எல்லாம் நான். பேசுவது மட்டும் அவர்.

அதில் நல்ல கிராக்கி உள்ள சாமான் ஸ்டார்ட்டர் தோட்டா. பழைய சண்டை விமானங்களில் எஞ்சினைக் கிளப்ப இப்படி ஒரு வழி வைத்திருந்தார்கள். எஞ்சின் பக்கத்தில் ஒரு குழி. அதில் தோட்டாவைப் போட்டு மூடியை முறுக்கி, மேலே உட்கார்ந்திருப்பவர் பொத்தானை அமுக்கினால் உள்ளே மருந்து எரியும். அந்தப் புகையின் தள்ளலில் எஞ்சின் சுற்றி, முன்னாலிருக்கிற விசிறியும் சுற்றும். யாரையும் சுடுகிற தோட்டா இல்லை. டீ குடிக்கிற டம்ளரைவிடக் கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் நீளம்.

எங்களிடம் வருவது பெரும்பாலும் வெடித்து முடிந்த வெறும் கூடு. வாங்குகிறவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அடிப்பக்கத்தைத்தான். அங்கேதான் செய்த தொழிற்சாலையின் முத்திரை வட்டமாக அடித்திருக்கும். எனக்கு எழுத்து தெரியாத காலத்திலேயே அந்த முத்திரைகள் அத்தனையும் அத்துப்படி. உருவத்தை வைத்து நானே பெயர் வைத்திருந்தேன். ஒன்று கொக்கி, ஒன்று சீப்பு, ஒன்று முக்காலி. கொக்கி கிடைப்பது அரிது. கொக்கி என்று நான் குரல் கொடுத்தால் மச்சான் நாற்காலியை விட்டு எழுந்து வருவார். வேறு எதற்கும் எழ மாட்டார்.

நாற்பத்தாறாவது வயதில்தான் படிக்கப் போனேன். லாரிக்காரர்கள் சங்கத்து அறையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு. சலவைக்கடைப் பெண்கள் இரண்டு பேர், காது மந்தமான ஒரு டிரைவர், நான். எழுத்துக் கூட்டி வாசிக்க வந்ததும் முதல் வேலையாகக் கிடங்குக்குப் போய்க் கொக்கியைத்தான் எடுத்தேன். தொழிற்சாலை முதலாளியின் பெயர் முதலெழுத்தும் அவர் ஊரின் முதலெழுத்தும். அவ்வளவுதான் விஷயம். அடுத்த வீட்டுக்காரி தூக்கிக்கொண்டு போகாமலிருக்கப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்போமே, அதுபோல. இதற்கா இத்தனை வருஷம் பயபக்தியோடு துடைத்தோம் என்று ஆகிவிட்டது.

ஆனால் எழுத்து வந்தால் நமக்கு வேண்டியதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ள முடிவதில்லை.

போன மாதம் ஒரு பழைய விமானத் தளத்தின் சாமான் வந்தது. அதில் இரண்டு மரப்பெட்டி தோட்டா. எல்லாம் வெடிக்காதவை, மருந்து உள்ளேயே இருக்கிறது. பெட்டிமூடியின் உள்பக்கத்தில் எப்போதும் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். தண்ணீர் காய வைக்கிற அடுப்பைப் பற்ற வைக்க அது ரொம்ப வசதி; பதின்மூன்று வருஷமாக அதற்குத்தான் உபயோகம். அன்றைக்கும் கிழித்தேன். கிழித்த கையோடு, வாசிக்க வருகிறதே என்கிற ஆசையில், வாசித்தேன்.

இரண்டாம் ரகம், மஞ்சள் பட்டை, சின்ன எஞ்சினுக்கு. நாலாம் ரகம், சிவப்புப் பட்டை, பெரிய எஞ்சினுக்கு. இரண்டுக்கும் கூடு ஒன்றே. மருந்து மட்டும் வேறு. சின்ன எஞ்சினில் நாலாம் ரகத்தைப் போட்டால் குழியின் மூடி பிய்த்துக்கொண்டு தெறிக்கும், பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. வர்ணப் பட்டையை எந்தக் காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

நான் இதைப் படித்து முடித்தபோது எனக்குப் பின்னால் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது.

மரத்தூள் போட்டு, தோட்டாவைக் கொட்டி, மோட்டாரில் சுற்ற விட்டால் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் தங்கம்போல வரும். மச்சானின் சட்டம் அது. வந்தது எதுவானாலும் முதலில் டிரம்முக்குப் போக வேண்டும். பளபளப்பைப் பார்த்துத்தான் ஆள் மயங்குவான் என்பார். ஓடிப் போய் நிறுத்தினேன். இரண்டு பெட்டியும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. மரத்தூளில் மட்டும் ஏதோ காய்ந்த ரத்தம்போல ஒரு பொடி. மருந்து இருக்கிற தோட்டாவை இப்படி உருட்டிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

அடிப்பக்கம் மட்டும் மிச்சமிருந்தது. முத்திரையும், அதன் கீழே ரகத்தின் எண்ணும். ஒரு நாள் முழுக்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்து லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கொக்கி முத்திரை, இரண்டாம் ரகம் பதினொன்று. சீப்பு முத்திரை, நாலாம் ரகம் இருபத்தொன்பது. தனித்தனிப் பெட்டியில் போட்டு, வெளியே சாக்கட்டியால் எழுதி வைத்தேன். மச்சானிடம் காகிதத்தையும் வாசித்துக் காட்டினேன். அவர் காது குடைந்துகொண்டே கேட்டார். கொக்கியில் இரண்டாம் ரகம் நாற்பது வேண்டுமென்று ஒரு விமானக்காரர் கேட்டிருக்கிறார், பதினொன்றை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணுவது என்றார். என்னிடம் கேட்கவில்லை. கூரையிடம் கேட்டார்.

மறுநாள் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த நாள் கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு கிடங்குக்குப் போனால், மேஜைமேல் நாற்பதும் தலைகீழாக வரிசையில் நிற்கின்றன. நாற்பதும் கொக்கி. நாற்பதும் இரண்டு.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் லென்ஸை எடுத்தேன். தொழிற்சாலையில் எந்திரம் ஒரே அடியாக அடித்த முத்திரைக்கு ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும். கையால் பஞ்ச் ஆணி வைத்துச் சுத்தியலால் அடித்தால் ஒரு பக்கம் அழுந்தும், ஒரு பக்கம் நொண்டும். எழுத்தைச் சுற்றிப் பித்தளை உதடுபோல மேலே பிதுங்கியிருக்கும், நகம் வைத்தால் தட்டும். அதுவும் இந்த எண் குடித்துவிட்டு நிற்பவன்போலச் சாய்ந்து நின்றது. சீப்பை அரத்தால் ராவி எடுத்த கோடுகளை மறைக்க ஏதோ திராவகத்தைத் தடவிக் கறுப்பாக்கியிருந்தார் மச்சான். அந்தத் திராவக வாடையும் வாயிலிருந்த ரத்தமும் சேர்ந்து எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கொல்லைக் குழாயடியில் போய்த் துப்பினேன்.

இதைச் செய்த கை இத்தனை நாளில் ஒரு ஆணியைப் பிடித்து நான் பார்த்ததில்லை. ஏமாற்று வேலை என்றதும் எங்கிருந்தோ தொழில் வந்துவிட்டது.

கேட்டேன். மச்சான் சிரித்தார்.

"முத்திரை என்ன பெரிய முத்திரை, மாப்பிள்ளை. நேத்து வரைக்கும் நீங்களே அதைக் கொக்கி, முக்காலின்னுதானே சொல்லிட்டு இருந்தீங்க."

பிறகு ஒரு காகிதத்தை நகர்த்தினார். நாற்பதும் ஒரே தொழிற்சாலை, ஒரே ரகம், சோதித்துப் பார்த்தவர் என்று இருந்தது, கீழே கோடு. விமானக்காரருடைய சங்கத்தில் இப்படி ஒரு தாள் கேட்கிறார்களாம். எழுத்து தெரிந்த மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டால் ஒரு மரியாதை என்றார். எனக்கு நாற்காலிகூடத் துடைத்துக் கொடுத்தார். பதின்மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். போட மாட்டேன் என்று சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் இன்னமும் கூசுகிறது.

நாங்கள் இருப்பது மச்சான் வீட்டு மாடியில், இரண்டு அறை. வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். சின்ன வயதில் தன் பொம்மையைத் திருடி, மூஞ்சிக்குச் சாயம் பூசி, புதுப் பொம்மை என்று தனக்கே விற்றவர் அவர் என்று சொல்லிச் சிரித்தாள். அண்ணன் அப்படித்தான், நீங்கள் சண்டை போட்டால் இந்த இரண்டு அறையும் போகும் என்றாள். நான் பக்கத்தில் நிற்கிறவனைப் பற்றிச் சொன்னேன். அவன் கை, அவன் முகம் எஞ்சினுக்கு எத்தனை அருகில் இருக்கும் என்று காட்டினேன். சிரிப்பு நின்றது. ஆனால் துணியை அலமாரியில் வைக்கப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல நான் யார்? நானும் அன்று வயிறு முட்டச் சாப்பிட்டேன், வீங்கிய கன்னத்தோடு.

காலையில் விமானக்காரர் வந்தார். விடுமுறை நாட்களில் மைதானத்தில் கூட்டம் கூட்டி, தன் பழைய விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டுபவர். அது சின்ன எஞ்சின் விமானம். கையில் வெள்ளைத் துணி உறை போட்டிருந்தார். ஒரு தோட்டாவை எடுத்து மூக்குக்குக் கீழே வைத்து மெல்ல இழுத்து, கண்ணை மூடி, சரித்திரத்தின் வாசனை என்றார். நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்தச் சரித்திரத்தைக் கழுவத்தான் எனக்கு மாதம் நாலு சோப்புக் கட்டி.

அவருடன், விமானத்தின் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற பிட்டர் ஒருவர் வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். பெட்டி தூக்க வந்தவர், கதவோரம் நின்று ஒரு பன்னைத் தின்றுகொண்டிருந்தார். நகக்கண்ணில் எல்லாம் கறுப்பு எண்ணெய்.

மச்சான் என்னைக் காட்டி, முத்திரை விஷயத்தில் எங்கள் மாப்பிள்ளை கண்ணுக்கு மிஞ்சியவர் இல்லை, அவரே பார்த்துப் பிரித்தது என்றார். விமானக்காரர் என் பக்கம் திரும்பி, நாற்பதும் ஒன்றுதானே என்று கேட்டார்.

"இல்லைங்க. பதினொண்ணுதான் உங்க எஞ்சினுக்கு. மத்ததுல பழைய முத்திரையை ராவிட்டுப் புதுசா அடிச்சிருக்கு."

மச்சான் சத்தமாகச் சிரித்தார். மாப்பிள்ளை இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறார், இன்னும் ரெண்டுக்கும் நாலுக்கும் தகராறு, அடுத்த வருஷம் பாஸாகிவிடுவார் என்றார். சிரிக்கும்போது மேஜைக்கு அடியில் அவர் செருப்பு என் காலை அழுத்தியது.

விமானக்காரர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார், என்னுடையதைவிட நல்லது. ஒரு தோட்டாவைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். உறை போட்ட கட்டைவிரல் முத்திரையைத் தடவிக்கொண்டே போய், பித்தளை பிதுங்கியிருந்த இடத்தில் நின்றது. நின்றதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். லென்ஸை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது என்றார். தாளில் கையெழுத்து மட்டும் இருந்தால் போதுமாம். இந்த ஆண்டு நிகழ்ச்சிகளுக்குக் கணக்கு நாற்பது, வேறு எங்கேயும் கிடைக்காது, எல்லாம் தேடிப் பார்த்தாயிற்று. அறுபது வருஷத்தில் மருந்தின் வேகம் தானே குறைந்திருக்கும் என்று யாரும் கேட்காமலே ஒரு காரணமும் சொன்னார்.

"குறையலைன்னா?" என்றேன்.

"நான் மேல கண்ணாடிக்குள்ளதானே உட்கார்ந்திருப்பேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, கவலைப்படாதே என்கிற மாதிரி. மச்சானாவது காசுக்காகப் பொய் சொன்னார். இவர் உண்மையைச் சொன்னார். கதவோரம் நின்றவர் பன்னை மெல்வதை நிறுத்தியிருந்தார்.

பெட்டிமூடிக் காகிதம் என் பையிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போய்ப் பிட்டரிடம் கொடுத்தேன். ஒரு தோட்டாவையும் கொடுத்து, நகத்தால் இந்த இடத்தில் தடவிப் பாருங்கள் என்றேன். அவர் காகிதத்தை இரண்டு தரம் படித்தார். தோட்டாவைத் தடவினார். இன்னொன்றை வாங்கித் தடவினார். அப்புறம் மீதிப் பன்னைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வேலைக்குக் கிளம்புகிறவர்போல மேஜைக்கு வந்தார்.

போட்டு மூடியதும் தீயணைக்கிற உருளையைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும், ஒரு கை தூரம், அதுதான் முறை என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"ஐயா, இந்தத் தடவை கீழ நின்னு நீங்க போடுங்க. நான் மேல உட்கார்ந்து பொத்தானை அமுக்கறேன். அது எனக்கும் தெரியும்."

விமானக்காரர் விளையாட்டாக எடுத்துக்கொண்டு அவர் தோளைத் தட்டினார். பிட்டர் தோளை நகர்த்திக்கொண்டார். இந்த எஞ்சினைத் தொடத் தெரிந்தவன் இன்னொருத்தன் கிடைத்தால் கூட்டிக்கொள்ளுங்கள், அவனிடமும் இந்தக் காகிதத்தைக் காட்டிவிட்டுத்தான் நான் போவேன் என்றார். வேன் சாவியை மேஜைமேல் வைத்தார். சத்தமே இல்லாமல் வைத்தார்.

தெருவில் டயர் கடைக்காரன் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. விமானக்காரர் சாவியைப் பார்த்தார், தன் உறை போட்ட கையைப் பார்த்தார். பிறகு லென்ஸை மறுபடி எடுத்தார்.

நான் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து செய்த வேலையை அவர் ஐந்து நிமிஷத்தில் செய்தார். ஒன்றை எடுப்பார், ஒரு பார்வை, இடது பக்கம். அடுத்தது, இடது பக்கம். அடுத்தது, வலது பக்கம். சில தோட்டாக்களுக்கு லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை, மேஜையில் நின்ற வாக்கிலேயே ஒதுக்கித் தள்ளினார். முடிந்தபோது வலது பக்கம் பதினொன்று. எண்ணிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

தன் கை என்று வந்ததும் எத்தனை கூர்மையான கண்.

தாளில் நாற்பதை அடித்துப் பதினொன்று என்று திருத்தி என் பக்கம் நீட்டினார். பிட்டர் என்னைப் பார்த்தார். அவருக்காகப் பதினொன்றுக்கும் கையெழுத்துப் போட்டேன். அது உண்மைதான். அப்படியும், எச்சில் இலையில் கை வைத்த மாதிரி இருந்தது. விமானக்காரர் மச்சானிடம் கோபிக்கவில்லை, மச்சானும் அவரிடம் வெட்கப்படவில்லை. அடுத்த சரக்கு எப்போது வரும் என்று இவர் கேட்க, போன் பண்ணுகிறேன் என்று அவர் சொல்ல, இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள். பிட்டர் மட்டும் போகும்போது என் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

வேன் போன பிறகு மச்சான் இருபத்தொன்பதையும் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் மேல்துண்டால் துடைத்து வைத்தார். என்மேல் ஆத்திரப்படுவார் என்று பார்த்தால், விஷயம் தெரிந்தவன் வந்ததால்தான் இந்த வம்பு, அடுத்தது விஷயம் தெரியாதவனாகப் பார்த்துத் தள்ளிவிடலாம் என்று எனக்கே யோசனை சொன்னார். என்னையும் சேர்த்து 'நாம்' என்றார். நாம் தள்ளிவிடலாம்.

அந்த 'நாம்' காதில் விழுந்ததும் பெட்டியை இழுத்து மூடித் தூக்கிவிட்டேன். நல்ல கனம். எங்கே என்றார். தீயணைப்பு நிலையத்துக்கு என்றேன். அப்போதுதான் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"மாப்பிள்ளை, பெட்டி வாசலைத் தாண்டினா நீங்க மாடிப்படி ஏற வேண்டாம். என் தங்கச்சி வேணா ஏறலாம்."

தாண்டினேன். பின்னாலேயே வந்து பிடுங்குவார் என்று நினைத்தேன், வரவில்லை. உள்ளே மருந்து இருக்கிறது அவருக்கும் தெரியுமே.

மூன்று தெரு. டயர் கடை, சலவைக்கடை, பூட்டிக் கிடக்கிற அச்சகம். சலவைக்கடையில் என்னோடு படிக்கிற பெண் என்ன பெட்டி அண்ணே என்று கேட்டாள். பழைய சாமான் என்றேன். தோள் மாற்ற வேண்டியிருந்தது. கீழே வைக்கவும் பயம், சுமக்கவும் பயம். வீட்டுக்காரி என்ன சொல்வாள் என்று இரண்டாவது தெரு முழுக்க யோசித்தேன். மூன்றாவது தெருவில் தோள்வலி யோசிக்க விடவில்லை.

நிலையத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இதையெல்லாமா தூக்கிக்கொண்டு வருவது, போன் பண்ணினால் நாங்கள் வர மாட்டோமா, உனக்கென்ன உயிர் வெல்லமில்லையா என்று திட்டினார். திட்டு நியாயம்தான், கேட்டுக்கொண்டேன். உள்ளேயிருந்து இரண்டு பேர் வந்து பெட்டியை முற்றத்தில் மணல் தொட்டிக்குள் வைத்தார்கள். இவர் ஒரு படிவத்தை எடுத்து, எழுதத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன்.

என்ன பொருள், எத்தனை, எங்கே கிடைத்தது. நிறுத்தி நிதானமாக எழுதினேன். அடுத்தது, தயாரித்தவர். முதலில் சீப்பு முத்திரைக்காரர்களின் பெயரை எழுதலாம் என்றுதான் பேனாவை வைத்தேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். அவர்கள் ஒழுங்காகச் செய்து, சிவப்புப் பட்டை போட்டு, மூடியில் காகிதமும் ஒட்டி அனுப்பியவர்கள். இப்போது இந்தப் பெட்டியில் இருப்பதற்கு அவர்கள் பெயரைப் போடுவது அசிங்கம்.

மச்சான் பெயரை எழுதினேன். தகப்பன் பெயரோடு, கிடங்கு முகவரியோடு.

அதன் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. பட்டையை அழித்தவர் என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். இப்படி ஒரு இனமே படிவத்தில் கிடையாது என்றார் மேஜைக்காரர். இருக்கட்டும் என்றேன்.